குதிரும் கைச்சில்லறையும்



ஒரு வீட்டின் வளத்தை அறிய எங்கே பார்ப்பீர்கள்? வீட்டுக்காரரின் மடியில் முடிந்துள்ள சில்லறையையா, உள்ளே நிற்கும் நெற்குதிரையா? மடியில் நாலு காசு கலகலக்கும்போதே குதிரின் அடித்தரை தெரியத் தொடங்கியிருக்கலாம். நம் உடலிலுள்ள மக்னீசியம் என்னும் தாதுவின் நிலையும் இத்தகையதே. மதுவானது அக்குதிரை எவ்வாறு வெறுமையாக்குகிறது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

வளர்ந்த ஒருவர் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதியளவோ சற்று மிகுதியாகவோ எலும்புகளில் தங்கியுள்ளது. எஞ்சியதில் பெரும்பகுதி தசை, கல்லீரல் முதலியவற்றின் உயிரணுக்களுக்குள் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

உயிரணுவுக்குள் அதற்கு என்ன வேலை? உணவால் கிடைக்கும் ஆற்றலை உயிரணு ஏ.டி.பி. என்னும் பொருளாக்கிச் செலவிடுகிறது. அந்த ஏ.டி.பி. மக்னீசியத்தோடு இணைந்த நிலையிலேயே பெரும்பாலும் பயன்படுகிறது. 300-க்கும் மேற்பட்ட நொதிகள் மக்னீசியத்தின் துணையை நாடுகின்றன.

அருந்திய மதுவில் பெரும்பகுதியை எரித்தொழிக்கும் சுமை கல்லீரலின் மேல் விழுகிறது. மது முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாகிறது. பின்னர் அசிட்டேட்டாக மாறுகிறது. எலிகளுக்குச் சில வாரங்கள் மது கலந்த உணவளித்து ஆராய்ந்தபோது, அவற்றின் கல்லீரல் உயிரணுக்களில் ஏ.டி.பி.யும் மக்னீசியமும் ஒருங்கே குறைந்தன. பற்றி நின்ற ஏ.டி.பி. குறையவே, பிடியிழந்த மக்னீசியம் உயிரணுவின் சவ்வைக் கடந்து வெளியேறுகிறது. போனது மீண்டும் உள்ளே வரும் வழியும் தடைப்படுகிறது. மறுபுறம், மது சிறுநீரகத்தின் காவலையும் தளர்த்தி, மக்னீசியத்தைச் சிறுநீரில் மிகுதியாகக் கழியச் செய்கிறது. மிகுதியாகக் குடிப்பவர் பலர் நல்லுணவும் உண்பதில்லை. வரவு சுருங்கிச் செலவு பெருகினால் குதிர் என்னாகும்?

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்மண்ட் பிளிங்க் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும், குடிப்பழக்கத்தால் உடல் நடுங்கிப் பிதற்றிய நோயாளிகளிடம் மக்னீசியக் குறைவைக் கண்டறிந்து எழுதினர். ஆயினும் இரத்தச் சோதனை எப்போதும் உண்மையைச் சொல்லிவிடுவதில்லை. உயிரணுக்கள் வறண்டிருக்கும்போதும் இரத்தத்தில் அளவு சரியாகவே காணப்படலாம். மடிச் சில்லறையை நம்பி ஏமாறக் கூடாது. மேலும், மக்னீசியம் குறைந்தால் இரத்தத்தில் பொட்டாசியமும் குறைகிறது. வைட்டமின் பி1 கொடுத்தாலும் முழுப் பயன் கிட்டுவதில்லை. ஆதலால் இத்தகைய நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இம்மூன்றையும் சேர்த்தே கவனிக்கின்றனர்.

உங்கள் இல்லத்திலோ தெருவிலோ நெடுநாள் குடித்தவர் ஒருவர் இருக்கலாம். அவரை இகழ்வதால் அவர் கல்லீரல் தேறாது. அவர் குடியை ஒரே நாளில் தாமாகவே நிறுத்த முயன்றால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் மேற்பார்வையில் நிறுத்தச் செய்வதே அறிவுடைமை. குடி நின்றபின் கீரையும் பயறும் கேழ்வரகும் எள்ளும் நிலக்கடலையும் குதிரை மெல்ல நிரப்பத் துணைபுரியும். ஓட்டையை அடைக்காமல் நெல்லைக் கொட்டுவதில் மட்டும் பயனில்லை.