டிரம்மா, டிஸ்க்கா? என் பழைய காரின் பின் பிரேக் கணக்கு

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்தவன். 36 வருஷம் பேங்கில் லெட்ஜரும் கேஷ் கவுன்டருமாக இருந்து ரிட்டயர் ஆனவன். இன்ஜினியர் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் போன மழைக்காலத்திலிருந்து மூன்று மாதம் ஒரே விஷயத்தைத் துருவிக்கொண்டிருந்தேன். அதைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர்.

என் கார் 2006 மாடல் வேகன் ஆர். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களுக்கு டிரம். நம் வளாகத்தில் நிற்கும் பழைய சின்னக் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

நவம்பரில் ஒரு நாள், என் மனைவியைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தேன். முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரில் வண்டியை இறக்கி ஏற்றினேன். அடுத்த திருப்பத்தில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் சைக்கிளில் குறுக்கே வந்தான். பிரேக்கை மிதித்தால் பெடல் உள்ளே போகிறது, வண்டி இடது பக்கம் இழுக்கிறது. பையனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். என் மனைவி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

விஷயம் கேள்விப்பட்ட சி பிளாக் தம்பி, "அங்கிள், பின்னாடியும் டிஸ்க் மாத்திடுங்க, பிரச்சனையே தீர்ந்துடும்" என்றார். எனக்கும் அதுவே சரி என்று பட்டது. ஒரு ஒர்க்ஷாப்பில் 38,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வேறொரு பெரிய காரின் பழைய பாகங்களைப் பொருத்துவார்களாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் எனக்கு வழக்கமாக வண்டி பார்க்கும் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "சார், முதல்ல டிரம்மைக் கழட்டிப் பார்ப்போம்" என்றார்.

கழற்றினால், வலது பக்கப் பின் வீல் சிலிண்டர் கசிந்து ஷூ முழுக்க பிரேக் ஆயில். அந்தப் பக்கம் பிடிக்காததால்தான் வண்டி இடது பக்கம் இழுத்திருக்கிறது. ஷூ தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது. பெடல் உள்ளே போனதற்கு அது ஒரு காரணம். இதற்கு மேல் டிரம்முக்குள் புகுந்த தண்ணீர். ஆக, பழுதானது டிரம் பிரேக் என்ற முறை அல்ல. அதைப் பல வருஷம் திறந்தே பார்க்காத நான்தான்.

இப்போது டிஸ்க்கின் வரவு, செலவைப் பார்ப்போம். வரவுப் பக்கம் உண்மையிலேயே வரவு இருக்கிறது. டிஸ்க் காற்றுப்படத் திறந்திருப்பதால் சூடு சீக்கிரம் தணியும், நனைந்தால் சீக்கிரம் காயும். பேடு தேய்ந்ததைச் சக்கரத்தைக் கழற்றியதுமே பார்த்துவிடலாம்.

செலவுப் பக்கம் நீளமானது. பிரேக் அடித்தால் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. சின்னக் காரில் நிறுத்தும் வேலையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் முன் சக்கரங்களே செய்கின்றன. பின்னால் டிஸ்க் போட்டதால் மட்டும் அவசரத்தில் வண்டி பெரிதாக முன்கூட்டி நின்றுவிடாது. அந்த நேரத்தில் எல்லை டயரின் பிடிப்புதான்.

அடுத்து, டிரம் சுழலும்போது உள்ளே ஒரு ஷூவைத் தானே இழுத்து இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. ஆயில் அழுத்தம் மட்டும்தான். காலிப்பருக்கு ஆயிலும் அதிகம் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அதற்குப் போதாவிட்டால் பெடல் இன்னும் கீழே இறங்கும். மாறாக, காலிப்பர் தேவைக்கு மேல் பெரிதாக இருந்தால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும். ஈர ரோட்டில் பின் சக்கரம் லாக் ஆனால் வண்டி பின்பக்கமாகச் சுழன்றுவிடும். முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு டிரம்முக்காகக் கணக்குப் போட்டு வைத்தது. என் காரில் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை.

ஹேண்ட் பிரேக்கையும் மறக்கக் கூடாது. டிரம்மில் அது ஒரு கேபிள், ஒரு லீவர், அவ்வளவுதான். டிஸ்க்கில் அதற்கென்று அமைப்புள்ள காலிப்பர் வேண்டும். 13 இஞ்ச் வீலுக்குள் பெரிய காரின் காலிப்பர் அடங்குமா என்பது இன்னொரு தலைவலி.

சட்டத்தையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52 வாகனத்தில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த பிரிவு 182ஏ, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அங்கே இன்ஸ்பெக்டரிடம் என்ன சொல்வது? விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர்களிடம் என்ன சொல்வது? பேங்கில் இருந்தவனுக்குக் கையெழுத்தில்லாத வவுச்சர் என்றாலே பயம்.

கடைசியில் வீல் சிலிண்டர் இரண்டு, புது ஷூ, டிரம்மை லேத்தில் லேசாகக் கடைந்தது, பிரேக் ஆயில் முழுக்க மாற்றியது, கூலி எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். டிரம்மைக் கடைவதற்கும் எல்லை உண்டு. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும். அதைத் தாண்டினால் புதிது வாங்க வேண்டியதுதான்.

சி பிளாக் தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அதே மாடலுக்குத் தயாரிப்பாளரே பின் டிஸ்க் கொடுத்திருந்து, மாஸ்டர் சிலிண்டர், வால்வு, கேபிள் எல்லாம் ஒரே செட்டாக மாற்றினால் தவறில்லை என்கிறார். அதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்பது என் கட்சி.

வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வருஷம் ஒரு முறை மழைக்கு முன்னால் பின் டிரம்மைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலை 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஆயில் மட்டம் இறங்கினால் மேலே ஊற்றிவிட்டு மறந்துவிடாதீர்கள், எங்கே போனது என்று தேடுங்கள். ஹேண்ட் பிரேக் முன்னைவிட உயரமாக ஏறினால் காட்டுங்கள். தண்ணீரில் இறங்கி ஏறினால், பின்னால் வண்டி வராததைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக ஓட்டியபடியே பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காயவிடுங்கள்.

அன்று அந்தப் பையன் திரும்பிப் பார்க்காமல் போனான். அவன் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. அது அப்படியே இருக்கட்டும்.