இறங்கிப் பார்த்த ஊர்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இவ்விழாவில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டபோது எங்களுக்குத் தயக்கமே உண்டாயிற்று. பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திவிட்டு, இரயில்வே அலுவலகத்தில் பயணச்சீட்டும் பதிவேடுமாகக் காலங்கழிக்கும் எழுத்தர் குடும்பம் எங்களுடையது. அயல்நாட்டைப் பற்றி அறிஞர் நிரம்பிய இவ்வவையில் நாங்கள் என்ன சொல்லிவிடப் போகிறோம்? ஆயினும், சென்ற ஆண்டு சூலைத் திங்களில் கணவனும் மனைவியுமாக இத்தாலி நாட்டில் கழித்த பன்னிரண்டு நாட்கள் எங்களுக்கு ஒரு பாடம் கற்பித்தன. அப்பாடம் இவ்வூரில் வாழும் நம் அனைவருக்கும் உரியது என்று தோன்றியமையால் துணிந்து வந்து நிற்கிறோம்.

எங்கள் மைத்துனர் மிலான் நகரில் பணிபுரிகிறார். அவர் அழைப்பின்மேல் சென்றோம். உரோமாபுரி, பிளாரன்சு, வெனிசு ஆகிய மூன்றையும் ஆறே நாட்களில் காட்டிவிட அவர் திட்டம் வகுத்திருந்தார். அங்கே மணிக்கு 300 கிலோமீட்டர் விரையும் வண்டிகள் ஓடுகின்றன. மிலானிலிருந்து உரோமாபுரிக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். திட்டத்தைக் கேட்ட இல்லத்தரசியார், "கரக்பூரிலிருந்து சென்னைக்கு இருபது ஆண்டுகளாகப் போய்வருகிறோம். வழியில் எத்தனை ஊர்களைக் கடந்தோம்! ஒன்றிலாவது இறங்கியிருக்கிறோமா? இங்கேயும் அப்படித்தானா?" என்று கேட்டார். மறுமொழி சொல்ல முடியவில்லை. எனவே புகழ்பெற்ற நகரங்களைப் பிறிதொரு காலத்திற்கு ஒத்திவைத்து, எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் சிறு வண்டியில் புறப்பட்டோம். எங்கள் இலக்கு காசுத்திகிலியோனே தெல்லே சுதிவியெரே என்னும் சிற்றூர். 1680ஆம் ஆண்டில் நம் வீரமாமுனிவர் பிறந்த ஊர் அது. பள்ளி விடுமுறையில் இருந்த மைத்துனர் மகன், பதினொரு வயதுச் சிறுவன், எங்களுக்கு மொழிபெயர்ப்பாளனாக உடன் வந்தான்.

இத்தாலியின் முதல் இரயில் 1839ஆம் ஆண்டில் நேப்பிள்சுக்கும் போர்த்திசிக்கும் இடையே ஓடிற்று. நம் நாட்டின் முதல் பயணி வண்டி பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடிய 1853க்குப் பதினான்கு ஆண்டுகள் முந்தியது அது. இத்தகைய செய்திகளை எல்லாம் அறிந்த இரயில்வேக்காரர் என்னும் பெருமிதத்தோடு, 1931இல் திறக்கப்பெற்ற மிலான் நடுவண் நிலையத்தில் வண்டியேறினோம். அப்பெருமிதம் அரைமணி நேரமே நிலைத்தது. அந்நாட்டில் சிறு வண்டிகளுக்கான காகிதச் சீட்டை, ஏறுமுன் நிலையத்திலுள்ள பொறியில் செருகி முத்திரையிட்டுக்கொள்ளல் வேண்டும். நாங்கள் அதனைச் செய்யவில்லை. ஊராரின் சீட்டுகளையெல்லாம் இருபது ஆண்டுகளாகச் சரிபார்த்த கை, தன் சீட்டிற்கு முத்திரையிட மறந்தது! சீட்டுப் பரிசோதகர் வந்தார். சிறுவன் எங்கள் பணி இன்னதென்று எடுத்துரைத்தான். அவர் வாய்விட்டுச் சிரித்து, எழுதுகோலால் சீட்டின்மேல் நாளும் நேரமும் குறித்து, எங்கள் கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்தார்.

போ ஆற்றின் சமவெளி நம் காவிரிச் சமவெளியைப் போன்றே தட்டையானது. எங்கு நோக்கினும் வாய்க்கால்கள். ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்த மக்காச்சோளம். நூல் பிடித்தாற்போல் வரிசையாக நடப்பெற்ற நெட்டிலிங்கம் போன்ற உயர்ந்த மரங்கள். நடுவே முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் செங்கல்லால் கட்டப்பெற்ற பண்ணை வீடுகள். நாங்கள் சென்ற பாதையின் பிற்பகுதி ஒற்றைப் பாதை. எதிர்வண்டிக்காக ஒரு சிறு நிலையத்தில் நெடுநேரம் நின்றோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எங்கள் எதிரே இருந்த மூதாட்டி கூடையிலிருந்த பழங்களை எடுத்துச் சிறுவனுக்கு ஈந்தார்.

முதலில் இறங்கிய ஊர் கிரெமோனா. நம் இசையரங்குகளில் பாட்டுக்குத் துணைநிற்கும் வயலினுக்குத் தாயகம் போன்றது இவ்வூர். 1737இல் மறைந்த சுதிராதிவாரி என்னும் மாபெருங் கைவினைஞர் இங்கேதான் வாழ்ந்தார். இன்றும் தெருத்தெருவாக வயலின் பட்டறைகள் உள்ளன. ஒரு பட்டறையின் வாயிலில் நின்று எட்டிப் பார்த்தோம். உள்ளே வருமாறு அழைத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்ட மரத்துண்டுகளைக் கையாலேயே இழைத்துப் பொருத்தி ஒரு வயலினைச் செய்கிறார்கள். ஆண்டொன்றிற்கு மூன்று முதல் ஆறு கருவிகளே ஒருவர் செய்ய இயலும் என்பர். யுனெசுகோ நிறுவனம் 2012ஆம் ஆண்டில் இக்கலையை மானிடத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. நண்பகலில் கடைகள் அடைபட்டுவிட்டன. வேறு வழியின்றி, ஏறத்தாழ 112 மீட்டர் உயரமுள்ள மணிக்கூண்டின் நிழலில் அமர்ந்தோம். வேலையின்றி ஒரு பிற்பகல் முழுவதும் கணவனும் மனைவியும் அமர்ந்து பேசியது, திருமணமான பின்னர் அதுவே முதன்முறை.

அடுத்து மாந்துவா. மூன்று புறமும் ஏரி சூழ்ந்த நகரம். 1328 முதல் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கொன்சாகா மரபினர் ஆண்ட தலைநகரம். அவர்தம் அரண்மனையில், மாந்தேஞா என்னும் ஓவியர் 1474இல் முடித்த அறையொன்று உள்ளது. அதன் கூரையில் வட்டமாக வானம் திறந்திருப்பதுபோல் வரைந்து, விளிம்பிலிருந்து பெண்களும் குழந்தைகளும் எட்டிப் பார்ப்பதாகத் தீட்டியிருக்கிறார். நாம் அவர்களைப் பார்க்கிறோமா, அவர்கள் நம்மைப் பார்த்து நகைக்கிறார்களா என்று மயக்கம் உண்டாகிறது. அன்றிரவு உண்ட உணவும் குறிப்பிடத்தக்கது. பூசணிப் பூரணம் வைத்து மடித்த மாவுப் பண்டம் அது. ஏறக்குறைய நம் கொழுக்கட்டைதான். ஆனால் இனிப்பை முதலுணவாகப் படைக்கிறார்கள்!

மறுநாள் ஏரியில் படகேறினோம். கண்ணுக்கெட்டிய தூரம் தாமரை! இலையும் பூவுமாக நீரே தெரியவில்லை. இல்லத்தரசியார் பேச்சற்றுப் போனார். அவை அந்நாட்டுக்குரியவை அல்ல என்றும், 1921ஆம் ஆண்டில் கொணர்ந்து இடப்பெற்றவை என்றும் படகோட்டி கூறினார். இன்று ஏரியையே மூடிவிடாதபடி வெட்டிக் கட்டுப்படுத்த வேண்டிய அளவிற்குப் பெருகியுள்ளன. "வந்த இடத்தில் நன்றாகத்தான் வேரூன்றியிருக்கிறது" என்றார் இல்லத்தரசியார். அச்சொல் எங்கள் நெஞ்சில் தங்கிவிட்டது.

மாந்துவாவிலிருந்து பேருந்தில் காசுத்திகிலியோனே அடைந்தோம். சிறு குன்றுகளின் அடிவாரத்தில் அமைந்த அமைதியான ஊர். 1859 சூன் 24ஆம் நாள் அருகிலுள்ள சொல்பெரினோவில் பெரும் போர் நிகழ்ந்தது. காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் இவ்வூருக்குக் கொண்டுவரப்பட்டனர். கோயில்களும் வீடுகளும் மருத்துவமனைகளாயின. அனைவரும் உடன்பிறந்தோரே என்று கூறி, பகைவர் நண்பர் என்று பாராமல் இவ்வூர்ப் பெண்கள் பணிபுரிந்தனர். அக்காட்சியைக் கண்ட ஆன்றி துனான் என்னும் சுவிசு நாட்டு வணிகரின் முயற்சியால் 1863இல் தோன்றியதே செஞ்சிலுவை இயக்கம். அதற்கென ஓர் அருங்காட்சியகம் இங்கு உள்ளது.

மாலையில் ஊர்ச் சதுக்கத்தில் அமர்ந்தோம். அந்நேரத்தில் இளையோரும் முதியோரும் வேலை ஏதுமின்றி உலவ வருவது அந்நாட்டு வழக்கம். ஒரு முதியவர் எங்கள் அருகில் வந்தமர்ந்தார். அவரிடம் வீரமாமுனிவரைப் பற்றிச் சிறுவன் வாயிலாகக் கூறினோம். முப்பது வயதளவில் இந்தியா வந்தார், தமிழைக் கற்றார், 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியைப் பாடினார், 1732இல் சதுரகராதி தொகுத்தார், எகர ஒகரக் குறில் நெடில்களை வேறுபடுத்தி எழுத வழிசெய்தார், பிறந்த ஊருக்குத் திரும்பவேயில்லை என்றோம். முதியவர் வியந்து கேட்டார். பிறகு, "உங்கள் ஊர் எப்படிப்பட்டது? அங்கே ஓடும் ஆறு எது? மாலையில் மக்கள் எங்கே உலவுவார்கள்? அவ்வூரில் பிறந்த பெரியோர் யார்?" என்று வினவினார்.

அன்பர்களே, நாங்கள் அவருக்கு அளித்த விடை என்ன தெரியுமா? கரக்பூர் நிலையத்தின் நடைமேடை 1,072 மீட்டர் நீளமுடையது, ஒருகாலத்தில் உலகிலேயே மிக நீளமானது என்றோம். அதற்குமேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. சிறுவன் எங்கள் முகத்தைப் பார்த்து, "அவ்வளவுதானா, மாமா?" என்றான். இரு மொழியிலும் தடையின்றிப் பேசும் அப்பிள்ளை முன் தலைகுனிந்தோம். இருபது ஆண்டுகளாக வங்காளத்தில் உண்டு உறங்கியும், சீட்டு விற்கும் அளவிற்கு மேல் அம்மக்கள் மொழியை நாங்கள் கற்கவில்லை. பன்னிரண்டு நாட்களில் இத்தாலியின் மூன்று ஊர்களில் இறங்கிவிட்டோம். வாழும் ஊரிலோ இன்னும் வண்டியை விட்டு இறங்கவேயில்லை!

ஊர் திரும்பியதும், ஒரு ஞாயிறன்று மேதினிபூர் செல்லும் உள்ளூர் வண்டியில் சென்று இறங்கி, கங்சாவதி ஆற்றங்கரைக்கு நடந்தோம். பாலத்தின் மேலிருந்து எண்ணற்ற முறை கண்ட ஆறுதான். அதன் மணலில் அன்றுதான் கால் பதித்தோம். மீன்பிடித்துக் கொண்டிருந்தவரிடம் தப்புந் தவறுமான வங்காளியில் பேசினோம். அவர் திருத்தித் திருத்திப் பேசவைத்தார்.

நம் மாவட்டத்தில் வீர்சிங்கா என்றொரு சிற்றூர் இருக்கிறது. 1820இல் ஈசுவர சந்திர வித்தியாசாகர் பிறந்த ஊர் அது. வங்காள எழுத்துகளைச் சீர்செய்து, 1855இல் குழந்தைகளுக்கு அரிச்சுவடி எழுதியவர் அவர். நம் எழுத்தைத் திருத்திய முனிவரின் ஊரைக் காணக் கடல் கடந்து சென்றோம். நாம் வாழும் நாட்டின் எழுத்தைத் திருத்தியவரின் ஊர் பேருந்து செல்லும் தொலைவில் காத்திருக்கிறது.

வருகின்ற மார்கழித் திங்களில் ஒரு நாள், நம் சங்கத்தார் குழந்தைகளோடு அவ்வூருக்குச் சென்றுவர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். விரைந்து சென்று படமெடுத்துத் திரும்ப வேண்டா. காலையில் போய், திண்ணையில் அமர்ந்து, அவ்வூர்ப் பெரியோரிடம் நாலு சொல் பேசிவிட்டு மாலையில் திரும்புவோம். இதனால் தமிழை நாம் இழந்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டா. வீரமாமுனிவர் தமிழைக் கற்றதால் தம் தாய்மொழியை இழந்தாரல்லர்; நமக்கு ஒரு செல்வத்தைத் தந்தார். நாமும் வந்த இடத்தில் வேரூன்றுவோம்.