நாளும் எழுதுக! தமிழில் எழுதுக!

 

தேனி மாவட்டத்து ஆண்டிப்பட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்றொரு சிற்றூர் உள்ளது. 2006-ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டனர். அவற்றிலுள்ள தமிழி எழுத்துகள் ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டன என்பர் அறிஞர். ஒரு கல், கூடலூர் ஆகோளில் வீழ்ந்த அந்தவன் என்னும் மறவனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அரண்மனையில் மட்டுமன்று, ஆனிரை மேய்த்தார் நடுவிலும் எழுத்து வாழ்ந்தது! அம்மண்ணின் பிள்ளைகளுக்கு எழுத்து இரவற்பொருளாகுமா?

ஆனால், இன்றைய மாணவன் எழுதுவதெல்லாம் பிறர் எழுதியவையே. கரும்பலகையைப் பார்த்துப் படியெடுக்கிறான்; நெட்டுருச் செய்ததைத் தேர்வுத்தாளில் கொட்டுகிறான். தன் உள்ளத்தைத் தான் எழுதிப் பார்த்தானில்லை.

விடியுமுன் தாயும் தந்தையும் குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாக ஏலமலைக்குக் கூலிவேலைக்குச் சென்றுவிடும் வீடுகள் இங்கே பல. களைத்துத் திரும்பும் அவர்களிடம் தன் பள்ளித் துன்பத்தைப் பிள்ளை எவ்வாறு சொல்லும்? அப்பிள்ளைக்கு ஓர் எழுதுசுவடியே உற்ற துணை.

ஒரு மாணவி முதல்நாள், 'எனக்குக் கணக்கு வராது' என்று எழுதுகிறாள் எனக் கொள்க. அஃது அறிவன்று, கசப்பு. 'ஏன் வராது?' என்று தன்னையே வினவி மறுநாளும் எழுதுகிறாள். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கையில் எதனைத் தலைகீழாக்குவது என்பதிலேதான் தடுமாற்றம் எனக் காண்கிறாள். இப்பொழுது அவள் கையிலிருப்பது கசப்பன்று. ஆசிரியரிடம் கேட்கத்தக்க வினா! சினமும் அச்சமும் பொறாமையும் இவ்வாறே. உள்ளே கிடக்கும்வரை அவை நம்மை ஆளும். எழுத்தாகிக் கண்முன் நின்றால் நாம் அவற்றை ஆளலாம்.

எம்மொழியில் எழுதுவது? அழுகையும் சிரிப்பும் எம்மொழியில் பிறந்தனவோ, அம்மொழியில்! அரைகுறையாய் அறிந்த ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளை, தெரிந்த சொல்லுக்கேற்பத் தன் எண்ணத்தையே குறுக்கிக்கொள்ளும். புதுச்சேரி ஆனந்தரங்கர் பிரெஞ்சியரிடம் மொழிபெயர்ப்பாளராய் இருந்தவர். ஆயினும் 1736-இல் தொடங்கி ஏறத்தாழ 25 ஆண்டுக்காலம் தம் நாட்குறிப்பைத் தமிழிலேயே எழுதினார். பிறமொழிச் சொற்கள் மிடைந்த தமிழ்தான். எனினும் 1904 முதல் ஆங்கிலர் அரசே அதனை மொழிபெயர்த்து வெளியிட நேர்ந்தது!

வழி எளிது. இரவில் கால் மணி நேரம் போதும். என்ன நிகழ்ந்தது? அதற்குக் கரணியம் என்ன? நாளை செய்வது என்ன? இம்மூன்றையும் எழுதுக. திங்கள் முடிவில் முழுவதையும் திரும்பப் படித்திடுக. பழைய பிழை மீண்டும் வந்திருந்தால் அது தெரியும். வளர்ந்திருந்தால் அதுவும் தெரியும். ஆசிரியரும் பெற்றோரும் அச்சுவடியைப் பிரித்துப் பார்த்தலாகாது. மதிப்பெண் இடுதலும் ஆகாது. பிறர் பார்ப்பர் என்றால் உண்மை ஒளிந்துகொள்ளும்.

தன் பிழையைத் தன் மொழியில் தானே எழுதத் துணிந்தவன், பிறர் சொல்லுக்குத் தலையாட்டான். அத்தகைய தலைமுறையே தமிழுக்கு வேண்டும். இன்றிரவே எழுதத் தொடங்குக!