மெல்லிய விசிறியும் அதன் ஓசையும்

கணினியினுட் செல்லும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. அவ்வெப்பத்தை வெளியே தள்ளும் சிறு விசிறியைப் பகலில் எவரும் நினைப்பதில்லை. இரவில் வீடு அடங்கிய பின்னரே அதன் இரைச்சல் செவியில் விழுகின்றது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் உறங்கும் பாட்டியும் ஓரறையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இஃது அற்ப காரியமன்று. மேசையில் அதிக இடங் கொள்ளாத ஒடுங்கிய கணினிகள் இப்பொழுது பெருகியுள்ளமையால், அவற்றுக்கேற்ற மெல்லிய விசிறியைத் தெரிந்தெடுப்பது எவ்வாறு என்பதை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று.

சாதாரண கணினிப் பெட்டியில் இடம்பெறும் விசிறி பெரும்பாலும் 120 மில்லிமீற்றர் அகலமும் 25 மில்லிமீற்றர் தடிப்பும் உடையது. மெல்லிய விசிறியின் தடிப்போ 15 மில்லிமீற்றர் அளவினது. அதனினுங் குறைந்தனவும் உண்டு. தடிப்புக் குறைந்தால் இதழின் ஆழமும் குறையும். ஆழங் குறைந்த இதழ் காற்றை உந்தும் வலிமையிற் பின்தங்கும். கடைகளில் விலை கேட்போர் பலர் கவனியாது விடும் செய்தி இதுவே.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒஸ்திரியா நாட்டு நொக்ருவா நிறுவனம் 120 மில்லிமீற்றர் அகலத்தில் இருவகை விசிறிகளையும் செய்கின்றது. அந்நிறுவனம் தரும் கணக்கின்படி, 25 மில்லிமீற்றர்த் தடிப்புள்ளது நிமிடத்துக்கு 2000 சுற்றில் மணிக்கு 102 கனமீற்றர் காற்றைத் தள்ளும். 15 மில்லிமீற்றர்த் தடிப்புள்ளது 1850 சுற்றில் 94 கனமீற்றரைத் தள்ளும். ஓசையிலும் இரண்டிற்கும் பெரிய வேறுபாடில்லை. இவ்வளவோடு நிறுத்திக்கொள்பவர், மெல்லியதும் மற்றதற்கு ஈடானதே என்று எண்ணிவிடுவார். ஆனால் அமுக்கத்தைப் பார்த்தால், முன்னது 2.34 மில்லிமீற்றர் நீர்மட்டத்துக்கு ஒப்பானது, பின்னது 1.53 மாத்திரமே. காற்றின் கணக்கோ தடையில்லாத வெளியில் எடுக்கப்படுவது. நெருங்கிய உலோகத் தகடுகளுக்கும் துளைத்தட்டுக்கும் இடையே காற்றைச் செலுத்த அமுக்கமே வேண்டும். ஆதலின் மெல்லிய விசிறி வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டியது அமுக்கத்தின் அளவையாகும்.

வேகத்துக்கும் ஓசைக்கும் உள்ள தொடர்பு வியப்புக்குரியது. சுற்றும் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஓசையோ ஏறத்தாழ 15 தெசிபெல் குறைந்துவிடும். பத்துத் தெசிபெல் குறைந்தாலே ஓசை பாதியாகிவிட்டது போலச் செவிக்குத் தோன்றும். எனவே, பெட்டியில் 120 மில்லிமீற்றர் விசிறிக்கு இடமிருக்க, 80 மில்லிமீற்றர் விசிறியை வாங்கி வேகமாகச் சுழற்றுவது வீண். தெசிபெல் எண்ணை மட்டும் நம்பி இரு நிறுவனங்களின் விசிறிகளை ஒப்பிடுவதும் ஆகாது. அளந்த தூரமும் சூழலும் ஒன்றாக இருந்தாலன்றி அவ்வொப்பீடு பொருளற்றது.

வேகத்தைக் குறைக்க வழியுள்ள விசிறியே வேண்டும். நான்கு கம்பியுடையது இதற்கு உகந்தது. நான்காவது கம்பி வழியே வினாடிக்கு 25,000 முறையளவில் மின்துடிப்பு அனுப்பப்பட்டு வேகம் ஆளப்படுகின்றது. மனிதச் செவி 20,000க்கு மேல் உணராதாகையால் அத்துடிப்பு எவருக்கும் கேளாது.

அச்சைத் தாங்கும் பெயரிங்கையும் விசாரிக்க வேண்டும். சாதாரண உறைப் பெயரிங் மலிவு. புதிதில் அமைதியாகவே ஓடும். எண்ணெய் வற்றியபின் உறுமத் தொடங்கும். ஒடுங்கிய கணினிகளில் விசிறி பெரும்பாலும் படுக்கையாகவே பொருத்தப்படுவதால் அத்தேய்வு விரைவில் வரும். குண்டுப் பெயரிங் நெடுநாள் உழைக்கும். மெல்லிய ரீங்காரம் உண்டு. திரவப் படலத்தின் மேற் சுழலும் வகை விலை கூடியதாயினும், அமைதியை நாடுவோர்க்கு அதுவே தக்கது.

நமது நாட்டின் வெப்பத்தையும் மறத்தலாகாது. 20 பாகை செல்சியஸ் அறையில் 60 பாகையில் நிற்கும் கணினிச் செயலி, 32 பாகை அறையில், அதே வேலைக்கும் அதே விசிறி வேகத்துக்கும், ஏறத்தாழ 72 பாகையைத் தொடும். குளிர்நாட்டவர் அமைதியானதெனப் புகழும் விசிறி இங்கு விரைந்து சுழல நேரலாம். சூடு எல்லை மீறினால் செயலி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலையும் தாமதிக்கும்.

வாங்குமுன் பெட்டியினுள் உள்ள உயரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளல் வேண்டும். விசிறி துளைத்தட்டில் ஒட்டிநின்று காற்றை இழுத்தால் சீழ்க்கை போன்ற ஒலி எழும். சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் அது பெரிதும் தணியும். திருகாணிக்குப் பதிலாக இறப்பர் முளைகளைப் பயன்படுத்தினால் அதிர்வு பெட்டிக்குச் செல்வது குறையும்.

பொருத்திய பின், கணினியின் அமைப்புப் பகுதியில், வெப்பம் ஏறுந்தோறும் வேகம் படிப்படியாகவே கூடும்படி செய்துவிடலாம். சீராக ஒலிக்கும் மெல்லோசையைச் செவி சிறிது நேரத்தில் மறந்துவிடும்; ஏறியும் இறங்கியும் ஒலிப்பதையோ மறப்பதேயில்லை.