அம்மாவின் மூன்றாம் பத்து

(அம்மாவின் முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில், நமது சமுதாயக் கூடத்தில் பேசியது)



அம்மா தூத்துக்குடிக்காரர். எந்த ஊரில் இருந்தாலும் ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவுக்குப் போய்விடுவார். திருப்பலியைக் கடைசிவரை 'பூசை' என்றுதான் சொன்னார். அவர் சிறுமியாக இருந்தபோது பூசை லத்தீனில் நடக்கும். அர்த்தம் தெரியாமலே மனப்பாடமான லத்தீன் ஜெபங்களைப் பேரப்பிள்ளைகளிடம் சொல்லிக் காட்டுவார். அவர்கள் சிரிப்பார்கள், ஆச்சியும் சேர்ந்து சிரிப்பார்.

தினமும் விளக்கு வைத்ததும் 53 மணி ஜெபமாலை. வங்கியில் நோட்டு எண்ணிய நானே சில நாள் பிசகியிருக்கிறேன். அவர் கணக்கு பிசகியதில்லை. ஒவ்வொரு பத்து மணியையும் ஒருவருக்காக ஒப்புக்கொடுப்பார். முதல் பத்து அப்பாவுக்கு, இரண்டாவது பேரப்பிள்ளைகளுக்கு, மூன்றாவது என் தம்பிக்கு. நான்காவது நோயாளிகளுக்கு, நம் பிளாக்கில் யாருக்குக் காய்ச்சல் என்பது செயலாளருக்கு முன் அம்மாவுக்குத் தெரியும்.

ஊர் வீட்டுப் பங்கு விஷயத்தில் தம்பியோடு நான் பதினோரு வருடம் பேசவில்லை. மூன்றாம் பத்து வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுவேன். அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். தன் குரலை மட்டும் உயர்த்துவார்.

படுக்கையில் விழுந்தபின் குரல் எழும்பவில்லை. ஒருநாள் மூன்றாம் பத்தின் நடுவே மூச்சு வாங்க, ஜெபமாலையை என் கையில் வைத்துவிட்டார். மீதி ஏழு மணியை நான்தான் சொன்னேன், அவன் பெயரையும் சேர்த்து. மறுநாள் போன் செய்தேன்.

தம்பி இதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறான். வீட்டுக் கணக்கு இன்னும் முடியவில்லை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும், சாப்பாடு அவன் ஏற்பாடு.