விலாவிலுள்ள பழைய தழும்பு



மூக்கில் இரத்தம் ஒழுகுகிறதென்று ஒருவர் மருத்துவரிடம் செல்கிறார். வெயிற்சூடு என்றே எவரும் எண்ணுவர். மருத்துவரோ மூக்கினுள் ஒரு சிறு கட்டியைக் காண்கிறார். அதன் துணுக்கை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், அங்கிருப்பவை சிறுநீரகத்தில் தோன்றிய புற்றுநோயின் உயிரணுக்கள்! இது கற்பனையன்று, மருத்துவ ஏடுகளில் பன்முறை பதிவான நிகழ்ச்சி.

சிறுநீரகப் புற்று நுரையீரல், எலும்பு, ஈரல், மூளை ஆகியவற்றுக்குப் பரவுவது பலரும் அறிந்ததே. ஆனால் பிற புற்றுகள் அரிதாகவே நாடும் தைராய்டு சுரப்பி, கணையம், நாக்கு, தலைத்தோல் ஆகிய இடங்களிலும் இது முளைக்கிறது. காரணம் என்ன? இருதயம் செலுத்தும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு சிறுநீரகங்களுக்கே செல்கிறது. அங்கே எழும் கட்டியும் இரத்தக் குழாய்கள் மலிந்தது. சில வேளைகளில் பெருஞ்சிரை வழியே வளர்ந்து இருதயத்தின் வலப்புற அறையையே எட்டிவிடும். சிரையிரத்தத்தை நுரையீரல் சல்லடைபோல் வடிகட்டும் என்பது உண்மைதான். ஆயினும் முதுகெலும்பைச் சுற்றி, வால்வுகளற்ற சிரைப் பின்னல் ஒன்று உண்டு. அமெரிக்க உடற்கூற்றறிஞர் பேட்சன் 1940-இல் அதன் முக்கியத்துவத்தை விளக்கினார். அதனூடே நோயணுக்கள் நுரையீரலைத் தொடாமலே தலைக்கும் கழுத்துக்கும் செல்லக்கூடும் என்று கருதுகின்றனர்.

இதனினும் வியப்பூட்டுவது காலம். சிறுநீரகத்தை அகற்றிப் பத்தாண்டு, ஏன், இருபதாண்டு கழிந்த பின்னரும் இந்நோய் தலைகாட்டலாம். அந்நிலையிலும் ஒரே இடத்தில் ஒதுங்கியிருந்தால் அறுத்தகற்றிப் பல்லாண்டு வாழ்ந்தோர் உளர். ஆனால் நோயைச் சரியாக இனங்காண வேண்டும். கழுத்துக் கட்டியைத் தைராய்டுப் புற்றென்று கொண்டு கதிரியக்க அயோடின் கொடுத்தால் பயனிராது. கட்டியினின்று சதைத்துணுக்கு எடுக்கையில் இரத்தம் பெருகவும் கூடும். மருத்துவர் முன்னரே அறிந்திருத்தல் அவசியம்.

ஊர்விட்டு ஊர் மாறும் நமக்குத்தான் இதில் இடர் அதிகம். சென்னையிலோ வேலூரிலோ அறுவை நடந்திருக்கும். பின்னர் நாகபுரி, அதன்பின் தில்லி. மாற்றலுத்தரவு வரும்போதெல்லாம் கட்டும் மூட்டைகளில் பழைய காகிதங்கள் தொலைகின்றன. புதிய மருத்துவருக்கு நம் விலாத் தழும்பின் வரலாறு தெரியாது. ‘எப்போதோ நடந்தது’ என்று நாமும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். இந்தியில் சிறுநீரகத்துக்குக் ‘குர்தா’ என்று பெயர். நம்மவர் வாயில் அது சட்டையாகிவிடக்கூடும்; ஆதலால் எழுதிக் காட்டுவதே நலம்.

அகற்றிய உறுப்பைச் சோதித்து எழுதிய திசு அறிக்கையின் நகல் ஒன்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள் இருக்கும் பெட்டியிலேயே இருக்கட்டும். புதிய கட்டி பழைய நோயின் கிளையா, தனியொரு நோயா என்று தீர்மானிக்க மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.