குழந்தையை யார் பார்த்துப்பாங்க?

(கிண்டி பொறியியல் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

எனக்குச் சொந்த ஊர் பூம்பாறை. கொடைக்கானலிலிருந்து மன்னவனூர் போகிற வழியில் இருக்கிறது. மலைப்பூண்டு, குழந்தை வேலப்பர் கோயில் என்றால் பலருக்குத் தெரியும். குழந்தை என்றதும் நான் செய்த ஒரு தப்பை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெண் ஒருவர் என் கம்பெனியில் இன்ஜினியர். கணவர் இல்லை, ஏழு வயதுப் பையன். கோயம்புத்தூர் கிளைக்கு மேலாளர் பதவி. தேர்வுக் குழுவில் நானும் ஒருத்தன். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, "பையனை யார் பார்த்துப்பாங்க?" என்றேன். ஊரில் என்னை அண்ணே என்பவர், அன்றைக்கு, "உங்க பாப்பாவை யார் சார் பார்த்துக்கிறாங்க?" என்றார். என்னை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை!

வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்தவர் நம்ம கல்லூரி அ. லலிதா. 1937-ல் கணவர் இறந்தபோது அவருக்கு 18 வயது, கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா சுப்பா ராவ் இங்கே மின்பொறியியல் பேராசிரியர். முதல்வர் சாக்கோ சம்மதிக்க, 1940-ல் சேர்ந்தார். டாக்டர் படிப்பு வேண்டாம் என்றதற்குக் காரணமே குழந்தைதான்; ராத்திரியில் கூப்பிட்டால் விட்டுட்டுப் போகணுமே. 1943-ல் பட்டம். சான்றிதழில் 'ஹீ' என்று அச்சாகியிருந்ததை அடித்து 'ஷீ' என்று எழுதிக் கொடுத்தார்களாம்.

பிறகு சிம்லாவில் கொஞ்ச காலம் வேலை. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். மின்பாதை, துணைமின் நிலைய வடிவமைப்பு. பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையிலும் பங்கு உண்டு. ஏறக்குறைய 30 வருஷம் அங்கேதான். 1964-ல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்களின் முதல் சர்வதேச மாநாட்டுக்கும் போனார்.

எப்படி முடிந்தது? அவர் கெட்டிக்காரர், சரி. ஆனால் மகளைப் பார்த்துக்கொள்ள சகோதரர்கள் குடும்பம் இருந்தது. சாதனைப் பட்டியல் போடுகிறபோது இந்த வரியை நாம் விட்டுவிடுகிறோம். அது இல்லாத பெண்ணிடம் "தைரியமாப் போங்க" என்று சொல்வது சுலபம்.

எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு அந்தப் பதவி கிடைத்தது. முதல் மூணு மாதம் பையன் பூம்பாறையில் அண்ணி வீட்டில். சனிக்கிழமை ராத்திரி மலையேறி வந்து, திங்கள் விடியறதுக்கு முன்னே கிளம்பிவிடுவார். திங்கள் காலை ஒன்பது மணிக் கூட்டத்தை அவர் கேட்காமலே பதினொன்றுக்கு மாற்றினோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்த ஒன்பது மணி எங்களில் நாலு பேருக்கு ரொம்ப நாளாகவே கஷ்டமாம்; ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

பையன் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான். போன வாரம் அந்தப் பெண் எனக்கு ஒரு மூட்டை மலைப்பூண்டு அனுப்பியிருந்தார். சீட்டில் 'அண்ணே' என்று எழுதியிருந்தது.